மாடன் கதைக்கு விடிய விடிய உட்காரலாம், மாயக்கதைக்கு மட்டும் சிறுவர் பிரிவா?

நெல்லைச் சீமை நூலகங்களுக்குப் புத்தகம் தேர்வு செய்கிறவர்களுக்கும், புத்தகத் திருவிழாவில் யாரை மேடையேற்றுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கும், சிறுகதைப் போட்டி நடத்துகிற அமைப்பினருக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறேன். ஃபேண்டஸி நாவல், அதாவது பெரியவர்களும் படிக்கிற மாயக்கதை நாவல் விற்றால் எனக்கும் நாலு காசு மிஞ்சும். ஆகவே இந்த மடலில் வியாபார ஆசை கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. அதைக் கழித்துவிட்டுப் படித்தாலும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்து நூலகம் ஒன்றில் ஃபேண்டஸி என்று எது வந்தாலும் சிறுவர் பிரிவுக்குப் போய்விடுகிறது. அறுநூறு பக்கத்துக்கு அரசியல் சூழ்ச்சியும் போரும் நிரம்பிய நாவல், வண்ணம் தீட்டும் புத்தகத்துக்கும் நீதிக்கதைகளுக்கும் நடுவில் நிற்கிறது. என் கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் குட்டி நாற்காலிகளுக்கு இடையே குனிந்து தேடி ஒரு நாவலை எடுத்து வந்திருக்கிறார். "பேரனுக்கா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டு வாங்கிப் போனாராம். அவருக்குப் பேரனே கிடையாது.

இன்னொன்று, ஒரு அமைப்பு நடத்திய சிறுகதைப் போட்டியின் அறிவிப்பு. "சமூக யதார்த்தத்தைப் பேசும் கதைகள் மட்டும் அனுப்பவும். மாயாஜாலம், பேய்க்கதை ஏற்கப்படாது" என்று போட்டிருந்தார்கள். அதே வாரம் அதே தெருவில் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு எந்த ஊர்க்காரர் இப்படிச் சொன்னாலும் சரி என்று விட்டுவிடலாம். நெல்லைக்காரர் சொல்லலாமா?

கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால் யார் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். முன்னால் மணலில் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். பந்தல்காலில் சாய்ந்தபடி லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர் அண்ணன்மார். ஓரமாக நாற்காலி போட்டு ஊர்ப் பெரியவர்கள், அவர்களோடு விடுமுறைக்கு வந்திருக்கும் பெங்களூர் மென்பொருள் பையன். புலவர் வீசுகோலை ஓங்கி அடித்துச் சுடலைமாடன் கதையை எடுக்கிறார். கைலாயத்தில் பார்வதி ஏற்றிய விளக்கின் சுடரில் இருந்து பிறந்த பிள்ளை. பசி தாங்காமல் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்கிறது. கைலாயத்தில் அதற்கு இடமில்லாமல் போகிறது. பூலோகம் வருகிறான், மலையாளத்து மந்திரவாதியோடு மோதுகிறான், கடைசியில் காவல் தெய்வமாக நிலைகொள்கிறான். ஊருக்கு ஊர், புலவருக்குப் புலவர் கதை கொஞ்சம் மாறும், எலும்பு மாறாது. உலகம் முழுக்க ஃபேண்டஸி நாவல் விற்கிறதே, அதன் சட்டகமும் இதுதான்: விசித்திரமான பிறப்பு, துரத்தப்படுதல், தன்னைவிடக் கெட்டிக்காரனோடு மந்திரப் போர், அதற்கான விலை.

அந்தப் பந்தலில் யாரும் இது பிள்ளைகளுக்கான கதையா பெரியவர்களுக்கான கதையா என்று கேட்பதில்லை. பிள்ளைகள் பிணம் தின்னும் இடத்தில் மிரளும். அம்மாமார்கள் தாயே பெற்ற பிள்ளையை ஒதுக்கும் இடத்தில் கண்ணைத் துடைப்பார்கள். டிரைவர் அண்ணனுக்கு மந்திரவாதி தோற்கும் இடம் போதும். ஆளாளுக்கு வேண்டியது ஒரே கதையில் கிடைக்கிறது. இந்த வகை எழுத்து உலகமெங்கும் ஏன் இத்தனை பேரை இழுக்கிறது என்று ஆய்வுக் கட்டுரை தேட வேண்டியதில்லை, ஒரு சாமக்கொடைக்குப் போய்வந்தால் போதும்.

பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை போடுகிறோம். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன் என்ற பிராமணன், செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டி, தானும் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன். போட்ட செருப்பு அடுத்த வருஷம் பார்க்கும்போது தேய்ந்திருக்கும், ராத்திரி அவர் காட்டைச் சுற்றி வருகிறார் என்பது சனங்களின் நம்பிக்கை. சாதியைப் பற்றி இதைவிடக் கூர்மையாகப் பேசும் கதை எத்தனை இருக்கிறது? பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். பாளையங்கோட்டையிலேயே கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு ஆய்வு மையம் இருக்கிறது. ஆக, பழைய கதை என்றால் அது ஆய்வு, குளிர்சாதன அறையில் கருத்தரங்கு. அதே சரக்கை வைத்து இன்றைக்கு ஒரு பெண்ணோ பையனோ புதிதாக நாவல் எழுதினால் சிறுவர் பிரிவு! இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

"அதெல்லாம் நாட்டார் வழக்கு, நாங்கள் பேசுவது இலக்கியம்" என்று ஒரு பதில் வரும் என்று தெரியும். மணிமேகலைக்கு வானத்தில் பறக்கவும் வேற்று உருவம் எடுக்கவும் மந்திரம் கிடைக்கிறது, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைக்கிறது. பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. இதெல்லாம் எம்.ஏ. தமிழுக்குப் பாடம். நம்மூர்ப் புதுமைப்பித்தன் சிவபெருமானையே சென்னை பிராட்வே சந்தியில் கொண்டுவந்து நிறுத்தி, மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தார். மேலகரம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், குற்றாலத்துக்குப் போகிற வழி. பிள்ளை கடவுளிடமே வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்பார். அதை எழுதியவரைச் சிறுகதை மன்னன் என்று கொண்டாடுகிற ஊரில் போட்டிக்கு அப்படி ஒரு விதி எப்படி எழுதினார்கள் என்பதுதான் என் ஆச்சரியம். அவரே இன்று கதை அனுப்பினால் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

இனி வெளியூர்க்காரர் ஒருவரைப் பற்றி. டெர்ரி பிராட்செட், இங்கிலாந்து, 1948இல் பிறந்தவர். என் கடையில் இவர் புத்தகத்தை ஒருமுறை வாங்கியவர் அநேகமாக இரண்டாவதுக்கு வருவார். இவர் வாழ்க்கையை உங்கள் முன் வைப்பதற்குக் காரணம், ஒரு ஃபேண்டஸி எழுத்தாளர் உருவாக எத்தனை காலம் ஆகும், நடுவில் யார் யார் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது இவர் கதையில் பளிச்சென்று தெரிகிறது.

பதின்மூன்று வயதில் பள்ளி இதழில் கதை எழுதினார். 1965இல், பதினேழு வயதில், பள்ளியை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபர் வேலைக்குப் போனார். பள்ளிக்கூடத்தைவிட ஊர்ப் பொது நூலகம்தான் தனக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1971இல் முதல் நாவல். ஊரே திரும்பிப் பார்த்ததா என்றால், இல்லை. 1976இல் ஒன்று, 1981இல் ஒன்று. அவ்வளவுதான். பத்து வருஷத்தில் மூன்று நாவல், மூன்றும் பெரிதாகப் போகவில்லை. இதற்கிடையில் அரசு மின்வாரியத்தில் செய்தித் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்திருந்தார். அணுமின் நிலையங்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அமெரிக்காவில் 1979இல் திரீ மைல் ஐலண்ட் விபத்து நடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கூடங்குளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த வேலையின் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. பகலில் அதைப் பார்த்துவிட்டு ராத்திரியில் எழுதினார்.

1983இல்தான் அந்த உலகம் வந்தது. தட்டையான வட்ட உலகம், அதை நான்கு யானைகள் சுமக்கின்றன, யானைகள் ஒரு பிரம்மாண்டமான ஆமையின் முதுகில் நிற்கின்றன, ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே இருக்கிறது. எட்டுத் திக்கு யானைகளையும் கூர்மாவதாரத்தையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமா என்ன? (முதலில் ஐந்து யானைகள் இருந்தன, ஒன்று வழுக்கி விழுந்துவிட்டது என்று பின்னால் ஒரு நாவலில் கதை விடுவார். நம் எட்டில் இருந்து நாலாகக் குறைத்ததற்கு அவரிடம் கணக்கு கேட்க முடியாமல் போய்விட்டது.) அப்போதும் வேலையை விடவில்லை. விட்டது 1987இல். அதாவது முதல் புத்தகம் வந்து பதினாறு வருஷம் கழித்து. அந்த ஒரே உலகத்தை வைத்து மொத்தம் 41 நாவல்கள். 2007இல் அல்சைமர் நோய் என்று தெரிந்தபின்பும், கை தட்டச்சுக்கு ஒத்துழைக்காமல் போனபோது வாயால் சொல்லிச் சொல்லி எழுதினார். 2009இல் சர் பட்டம். 2015 மார்ச்சில், அறுபத்தாறு வயதில் இறந்தார். அதற்குள் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றிருந்தன.

1992இல் வந்த ஒரு நாவலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரு பேரரசே கும்பிடுகிற தெய்வம். கோயில், படை, குருமார், தண்டனை கொடுக்கும் அதிகாரிகள், எதிலும் குறைவில்லை. அந்தத் தெய்வம் பூமிக்கு இறங்குகிறது. பெரிய காளையாக வர நினைத்தால் ஒற்றைக்கண் ஆமையாகத்தான் வர முடிகிறது. ஏனென்றால் அந்த உலகத்தில் நம்பிக்கைதான் தெய்வத்துக்குச் சாப்பாடு. இத்தனை லட்சம் பேரில் மனசார நம்புகிறவன் ஒரே ஒருத்தன், கோயில் தோட்டத்தில் வேலை பார்க்கும் எழுதப் படிக்கத் தெரியாத பையன். மற்றவர்கள் எல்லாரும் அதிகாரிகளுக்குப் பயந்து கும்பிட்டவர்கள். ஆமையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பையன் நடக்கிறான், ஆமை வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருகிறது.

இதை ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன் கடைக்கு வந்தான். அவன் குடும்பம் வழிவழியாக ஒரு மாடசாமி பீடத்துக்குப் பூசை வைப்பது. "அண்ணாச்சி, கொடை நின்னு போன சாமியப் பத்தி எங்க ஆச்சி சொல்லுததத்தான இந்த ஆளும் எழுதியிருக்காரு! இவருக்கு யாரு சொன்னா?" என்றான். யாரும் சொல்லவில்லை. மனிதர்கள் தெய்வத்தோடு எப்படிப் பேரம் பேசுவார்கள், அதிகாரம் எப்படி நம்பிக்கையைத் தின்றுவிடும் என்பதைக் கவனித்துப் பார்த்த ஒருவர் எங்கே உட்கார்ந்து எழுதினாலும் இங்கே வந்துதான் சேரும். யதார்த்தக் கதை என்றால் எந்த மதம், எந்தக் கோயில், எந்த அதிகாரி என்று பெயர் சொல்ல வேண்டும், சொன்னால் சண்டை வரும். ஆமையை வைத்துச் சொன்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டே படிக்கிறார்கள், அப்புறம் யோசிக்கிறார்கள்.

நூலகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவருடைய மந்திரப் பல்கலைக்கழகத்தில் நூலகர் ஒரு விபத்தில் ஒராங்குட்டானாக மாறிவிடுகிறார். திரும்ப மனிதராக்க வந்தால் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார். உயர அலமாரி ஏற வசதியாக இருக்கிறதாம். மொத்த வரிசையிலும் வாசகர்கள் மிகவும் நேசிக்கும் பாத்திரங்களில் அவரும் ஒருவர். நூலகத்தில் வளர்ந்த எழுத்தாளர் நூலகருக்குச் செய்த மரியாதை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த எழுத்தைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. வளர்ந்த அமெரிக்கர்கள் டிராகன்களைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்று அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1974லேயே கட்டுரை எழுதினார். அவருடைய அப்பா கலிஃபோர்னியப் பூர்வகுடிகளின் மொழியையும் கதைகளையும் சேகரித்த மானுடவியலாளர். நா. வா. போன்ற ஒருவர் வீட்டில் ஒரு ஃபேண்டஸி எழுத்தாளர் பிறந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பு 1997இல் வந்தபோது அச்சிட்டது ஐந்நூறு படிகள்தான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதி அது. அந்த ஐந்நூறில் முந்நூறு நூலகங்களுக்குப் போயிற்று. வாசகர் என்று ஒருவர் உருவாவதற்கு முன்பே வாங்கிவைத்தது நூலகம். அடுத்த வருஷமே பதிப்பகம் இன்னொரு வேலை செய்தது. உள்ளே அதே புத்தகம், வெளியே பெரியவர்களுக்கு என்று தனி அட்டை. ரயிலில் கூச்சப்படாமல் பிரித்துப் படிப்பதற்காக. அங்கே பதிப்பகம் வாசகரின் கூச்சத்தைப் புரிந்துகொண்டு வழி பண்ணியது. இங்கே நம் பெரியவர் இல்லாத பேரனைச் சொல்லிப் புத்தகம் எடுக்க வேண்டியிருக்கிறது.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெரிய ஃபேண்டஸி நாவலும் 1954, 55இல் கெட்டி அட்டையில் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் பற்றிக்கொண்டது பத்து வருஷம் கழித்து, 1965இல் மலிவான சாதா அட்டையில் வந்தபோதுதான். விலை அவ்வளவு முக்கியம். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் பெரிய எழுத்துப் பதிப்பாகத் திருவிழாக் கடையில் தரையில் பரப்பிக் கிடந்த காலத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் வரைக்கும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு அம்புலிமாமா. இந்த ருசி நம் ஆட்களிடம் புதிதாக ஊட்ட வேண்டிய ஒன்று இல்லை.

இப்போது நம் எழுத்தாளரிடம் வருவோம். தமிழில் முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1200 படி. இன்றைக்குச் சில நூறு போட்டுப் பார்க்கிறார்கள், அதுவும் போகப் போக அச்சிட்டுக்கொள்வது. ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம், அதுவும் ஒழுங்காக வந்தால். இதை வைத்து யாரும் வேலையை விட முடியாது. வங்கியிலும் பள்ளியிலும் மெடிக்கல் ரெப்பாகவும் இருந்துகொண்டு ராத்திரியில்தான் எழுதுகிறார்கள். பிராட்செட்டுக்கும் பதினாறு வருஷம் அப்படித்தான் போனது. வித்தியாசம் என்னவென்றால், அவருக்கு மூன்றாவது நாவலுக்குப் பிறகும் நாலாவதை வாங்கிவைக்க ஊருக்கு ஊர் நூலகம் இருந்தது. நம் எழுத்தாளருக்கு நூலக ஆணை கிடைத்தால் பதிப்பாளர் அடுத்த பாகத்துக்குத் துணிவார், கிடைக்காவிட்டால் அந்த உலகம் முதல் பாகத்தோடு நின்றுவிடும். ஃபேண்டஸி தொடர்கதையாகத்தான் வளரும். முதல் பாகத்தில் ஊரைக் கட்டவே பக்கம் சரியாகிவிடும்.

வாங்குகிற நூலகங்களும் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் வாங்கி வைத்திருக்கும். நடுவில் உள்ளதைக் காணோம். அதைத் தேடி என்னிடம் வருகிறார்கள், நான் பிழைத்துப்போகிறேன், அது வேறு. ஆனால் காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளை என்ன செய்யும்?

வருகிற எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். மோசமானது நிறைய வருகிறது. பனியையே பார்த்திராத வாசுதேவநல்லூர்த் தம்பி பனிமலை அரண்மனையும் ஓநாய்க் கொடியும் எழுதுகிறான். பெயர் மட்டும் ஆதித்தன், அரிஞ்சயன் என்று இருக்கிறது, ஆட்கள் சாராய விடுதியில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்கள் மாதிரி ரொட்டியும் மாமிசமும் தின்கிறார்கள். ஏன் இப்படி எழுதுகிறான்? அவன் பார்த்த தொலைக்காட்சித் தொடர்கள் எல்லாம் அப்படி. குதிரைமொழித் தேரியை வைத்து எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. காற்றுக்கு இடம் மாறும் செம்மண் மேடு, பனையும் முந்திரியும், வழி தவறினால் திசை தெரியாது. ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் உட்கார்ந்த நிலையில் புதைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பொதிகையில் ஒரு குள்ள முனிவர் கமண்டலத்தில் ஆற்றைக் கொண்டுவந்து கவிழ்த்தார் என்கிறோம். 1986இல் மாவட்டத்தைப் பிரித்து இது அந்தப் பக்கம், அது இந்தப் பக்கம் என்று கோடு போட்டார்கள், கதைக்கு அந்தக் கோடு கிடையாது. நல்ல ஃபேண்டஸி அலமாரியில் இருந்தால்தான் கெட்டதை எழுதுகிறவனுக்கு வித்தியாசம் தெரியும். சிறுவர் பிரிவில் தூக்கிப் போட்டுவிட்டு, "பார், எல்லாம் சிறுபிள்ளைத்தனம்" என்றால் எப்படி?

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாவல் பிரிவில் ஒரு தட்டு ஃபேண்டஸிக்கு ஒதுக்குங்கள். சிறுவர்களுக்கென்றே எழுதியது சிறுவர் பிரிவிலேயே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. தொடர் நாவல் வாங்கினால் எல்லாப் பாகமும் சேர்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். போட்டி அறிவிப்பில் இருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, கதை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புத்தகத் திருவிழா மேடைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். ஒரு சாயங்காலம் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரையும் இன்றைக்கு ஃபேண்டஸி எழுதும் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். வழக்கமாக நாம் செய்வது, தொடக்கத்தில் பத்து நிமிஷம் வில்லுப்பாட்டு, அதுவும் மந்திரியோ ஆட்சியரோ வரும்வரை கூட்டத்தை இருத்திவைக்க. அப்படி இல்லாமல் புலவரைத் தொழில் பேச விடுங்கள். கூட்டம் தூங்கப் போகிறது என்று தெரிந்தால் கதையை எங்கே திருப்புவார், வர்ணனையை எங்கே நிறுத்துவார், சாமி வருவதற்கு முன்னால் வேகத்தை எப்படி ஏற்றுவார் என்பதெல்லாம் நாவல் எழுதுகிறவருக்குக் கிடைக்காத பாடம். கேள்வி நேரத்தைப் பிரமுகர்களுக்குக் கொடுக்காமல் பிள்ளைகளிடம் விட்டால் இன்னும் நல்லது.

எந்தப் புத்தகம் வாங்குவது என்று தெரியாது என்றால் பட்டியல் நான் தருகிறேன். தமிழில் நேரடியாக எழுதியது, மொழிபெயர்த்து வந்தது இரண்டும் உண்டு, எது யாருக்குப் பிடிக்கும் என்றும் குறித்து வைத்திருக்கிறேன். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, பதிப்பகத்தில் நேரடியாக வாங்கினால் கழிவு கூடக் கிடைக்கும். தேர்வுக் குழு கூடுகிற தேதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் புத்தகக் கடைக்காரன்